பானெட்டில் வைத்த பொட்டு

மகனுக்கு இளைப்பு வந்தால் ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டுபோக, என் கணவரின் அண்ணன் தன் நீல டட்சன் காரை எங்களிடம் விட்டிருந்தார்.

ஆயுத பூசைக்குக் காரின் பானெட்டில் குங்குமம் வைத்தேன். அழிக்க மனம் வராமல் விட்டதில், வெயிலில் கறை ஊறிவிட்டது.

இன்று பக்கத்து வீட்டு அக்கா, "பாலிஷ் கம்பவுண்ட் தடவி நல்லா தேய்லா, பளபளன்னு ஆயிரும்" என்றார். தேய்த்தேன். கறையோடு நீலமும் போய், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது.

"போதும் நிறுத்துலா, தகரம் வந்துரப் போகுது" என்றார் அதே அக்கா.

மாலையில் கணவரின் அண்ணன் வந்தார். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"பரவால்லம்மா. புள்ள எப்படி இருக்கான்?"

கேட்டுக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டார். காரும் போய்விட்டது.

மகன் இப்போது நன்றாகத் தூங்குகிறான். அடுத்த இளைப்புக்கு, எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் உங்களில் யாரிடம் கார் இருக்கிறது? பொட்டெல்லாம் வைக்க மாட்டேன்.