ஒன்றாகச் சேர்த்த இரண்டு டிஸ்க்குகள்

"…ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு முன்னால வந்து நிண்டா, நான் என்ன கூரையில ஏறி நிண்டே எடுக்கிறது? பொம்பிளையின்ர பெரியம்மாவுக்கு வாய்விட்டே சொன்னனான், 'அன்ரி, கையை இறக்குங்கோ, தாலி கட்டுறது தெரியேல்ல' எண்டு. மனுசி முறைச்ச முறைப்பு!"

திங்கட்கிழமை எடுத்த கல்யாணத்தைப் பற்றி அக்கா இதைச் சொல்லும்போது நான் அவருடைய மேசைக்கடியில் முழங்காலில் இருந்தேன். வெள்ளவத்தையில், கடலோர ஒழுங்கையொன்றின் மாடியறையில், கல்யாண வீடியோக்கள் எடுத்து வெட்டி ஒட்டித் தருபவர் அவர். கம்ப்யூட்டர் இறுகி இறுகி நிற்கிறதென்று கூப்பிட்டிருந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால் எனக்கு. பெட்டியைத் திறந்ததுமே கேட்டது, டிக், டிக் என்று, டிஸ்க் சாகப்போகிற சத்தம். அவருடைய பேச்சுக்காகவே எத்தனையோ நாள் வந்திருக்கிறேன். அன்றைக்கு ரசிக்கத் தெம்பில்லை.

பிழை என்னுடையது. முந்தின வருடம் அக்கா வீடியோக்களைப் போட்டு வைக்க வேகமான புது ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினார். பழையது மெதுவாகச் சுற்றும். ஆனால் எறிய மனமில்லை. "எனக்கு ரெண்டு இடம் வேண்டாம் தம்பி. தேடித் தேடியே என்ர ஆயுசு போகுது. ரெண்டையும் ஒண்டாக்கித் தாரும்" என்றார். நான் வகுப்புக்குப் போய்ப் படித்தவனல்ல, கழற்றிப் பூட்டிப் பழகியவன். ஆனாலும் இது தெரியும்: அப்படிச் சேர்த்தால் ஒவ்வொரு வீடியோவும் துண்டு துண்டாக இரண்டிலும் மாறி மாறிப் பதியும். வேகமானது மெதுவானதற்காகக் காத்து நிற்கும். ஒன்று செத்தால் மற்றதில் மிஞ்சுவது வெறும் துண்டுகள். தெரிந்துகொண்டுதான் செய்தேன். திரையில் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதைக் கண்டு அவர் சிரிக்க, நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

"அக்கா, திங்கட்கிழமைக் கல்யாணம் வேற எங்கயும் இருக்கோ?"

"கமராக் கார்டை அடுத்த கல்யாணத்துக்கு அழிச்சுப் போட்டன். ஏன் கேக்கிறீர்?"

பழைய டிஸ்க் சாகிறது, அதோடு எல்லாமே போகலாம் என்று சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"பொம்பிளை மாப்பிள்ளை சனிக்கிழமை கனடாவுக்குப் பறக்குதுகள் தம்பி. கையில தந்து அனுப்பிறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

வெளியே வேறொரு டிஸ்க்கை மாட்டி, ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்கத் தொடங்கினேன். கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போகும்போதெல்லாம் மேசை அதிர்ந்தது. "மெல்லப் போவன்ரா!" என்று அக்கா ஜன்னலைப் பார்த்து ஏசினார். மாப்பிள்ளை வந்து இறங்கியது தப்பியது. பொம்பிளை கூறைச் சேலை மாற்றி வந்தது தப்பியது. அறுகரிசி போட்டு வாழ்த்திய சனம் முழுவதும் தப்பியது. தாலி கட்டிய துண்டு மட்டும் பாதியில் நின்றது. மற்றதெல்லாம் வந்தபின் திரும்ப முயன்றேன். மூன்றாம் தரம் டிக் சத்தமும் நின்றுபோயிற்று.

"என்ர பிழை அக்கா" என்றேன்.

"நான் கேட்டன், நீர் செய்தீர். ரெண்டு பேரும் மொக்குகள்" என்றார். குரலில் கோபமில்லை, களைப்புத்தான். ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு போனை எடுத்து ஒரு நம்பரைத் தேடி அழுத்தினார்.

"அன்ரி, சுகமா இருக்கிறியளோ? ஓம், வீடியோப் பிள்ளைதான். அண்டைக்குக் கத்தினதுக்குக் குறை நினைக்காதேங்கோ… அன்ரி, ஒண்டு கேக்கட்டே? நான் சொல்லியும் நீங்கள் போன் பிடிச்ச கையை இறக்கேல்லத்தானே?"