நாற்காலி அட்டையின் கடைசிப் பாட்டு

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. ஆனால் ராக் பாட்டு தெரியும். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் பாடுவது இங்கிலீஷ்காரர்களுக்கே விளங்காது என்று பாய் சொல்வார்.

பாய்க்குக் கொடைக்கானல் கடைத்தெருவில் ஸ்வெட்டர் கடை. முன்பு அதே இடத்தில் கேசட் கடை வைத்திருந்தார். நான் கிளாவரையிலிருந்து கேரட், பூண்டு ஏற்றி வரும் ஜீப் டிரைவர். லோடு இறக்கிவிட்டு அவர் கடையில் டீ குடிப்பேன். அப்படித்தான் பழக்கம்.

ஊருக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர்கள் கைச்செலவுக்குப் பையை அப்படியே பாயிடம் விற்றுவிட்டுப் போவார்கள். பைக்குள் ஜாக்கெட் இருக்கும், கேசட் இருக்கும். வேறு சிலதும் இருக்கும். அதை எழுத வேண்டாம்.

ஜாக்கெட் விற்றுவிடும். கேசட்டை யாரும் வாங்க மாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். குழுவின் பேரை வாசிக்கத் தெரியாததால் அட்டைப் படத்தை வைத்துப் பேர் விட்டோம். குதிரை அட்டை, பல்லு அட்டை, நாற்காலி அட்டை.

நாற்காலி அட்டை என்றால் வெறும் வயல், நடுவில் ஒரு நாற்காலி, அதில் ஆள் இல்லை. அவ்வளவுதான் படம். உள்ளே இருந்த பாட்டு அப்படி இல்லை. முதல் பாட்டிலேயே ஜீப் தானாகக் கியர் மாற்றும். மேட்டில் திணறுகிற வண்டி அந்தக் கேசட்டுக்கு மட்டும் திணறாது. நான் பொய் சொல்லவில்லை. கேரட் மூட்டைகளைக் கேளுங்கள்.

குறை ஒன்றே ஒன்று. அட்டை அசல், உள்ளே இருந்த நாடா எவனோ பதிவு செய்த நகல். கடைசிப் பாட்டில் கிதார் மெல்ல மேலே ஏறும். ஏறிக்கொண்டே போகும். இதோ வந்துவிட்டது என்று நினைக்கும்போது ‘டக்’. நாடா தீர்ந்துவிடும். எனக்கு அந்த ‘டக்’ எப்போதும் வழியில் பூம்பாறை ஊர் தாண்டியதும் வரும். பாய்க்குக் கடையில் வரும். அவர் கல்லாவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். வாடிக்கையாளர் பயந்து, பேரம் பேசாமல் ஸ்வெட்டருக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போன நாளும் உண்டு.

அதே குழு பிற்பாடு போட்ட முயல் அட்டையும் எங்களிடம் வந்தது. ஆவலாகப் போட்டோம். கிதாரைக் காணவில்லை. வயலின் வந்திருந்தது. பந்தியில் சாம்பாருக்குக் காத்திருக்கும்போது போடுகிற மாதிரி இருந்தது. ஜீப்பில் போட்டேன். பக்கத்தில் இருந்த பூண்டு வியாபாரி தூங்கிவிட்டார். பரவாயில்லை. எனக்கும் கண் சொக்கியது. மலை ரோட்டில் அது ஆகாது. கேசட்டைப் பாயிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை ஒரு தேனிலவு ஜோடிக்கு விற்றார். அவர்கள் இன்னும் சேர்ந்து இருக்கிறார்களா தெரியாது.

கச்சேரியும் பார்த்திருக்கிறோம். ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகள் மைதானத்தில் வாசித்தார்கள். மழை வந்தது, கரண்ட் போனது, டிரம்ஸ் அடிக்கிற பெண் மட்டும் நிறுத்தவில்லை. நனைந்துகொண்டே அடித்தாள். நாங்களும் நனைந்துகொண்டே நின்றோம். அது கச்சேரி. இன்னொரு முறை பட்டணத்திலிருந்து பெரிய குழு என்று போஸ்டர் ஒட்டினார்கள். பாடகருக்கு இடுப்பு வரை முடி. இரண்டாவது பாட்டில் காற்று அடித்தது. முடி போய் முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்தது. அவர் பாட்டை நிறுத்தவில்லை. அதற்காக மட்டும் கை தட்டினோம்.

இதெல்லாம் சில்லறை. பாய்க்கு உண்மையில் வேண்டியது ஒன்றுதான். நாற்காலி அட்டையின் கடைசிப் பாட்டு எப்படி முடிகிறது என்று தெரிய வேண்டும்.

போன் வந்த பிறகு அது பெரிய காரியமே இல்லை. அவர் மகனே தேடி எடுத்துவிட்டார்.

“அத்தா, இந்தா இருக்கு. போடவா?”

பாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“போட்டீன்னா, கடையில சேக்க மாட்டேன். இம்புட்டு வருசம் காத்துக் கெடந்தது போன்ல கேக்கவா? கிதார் அடிச்ச அந்த ஆளு கையால கேப்பேன். இல்ல, கேக்காமயே மௌத்தாப் போறேன்.”

மௌத் என்றால் சாவு. பாட்டுக்காக அந்த வார்த்தையை எடுத்ததற்கு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் மாறவில்லை. கடைத்தெருவே கேலி செய்தது.

பிறகு ஒரு நாள் அந்த ஆளே வந்தார்.

நாற்காலிக் குழுவில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் மற்றவர்கள் மேல் கேஸ் போட்டுவிட்டுப் போய்விட்டார். மிச்சம் கிதார்காரர் மட்டும். நரைத்த கிழவர். குளிருக்காக இங்கே ஒரு விடுதியில் தங்க வந்தவர், விடுதிக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் ஒரு சாயங்காலம் வாசிக்க ஒத்துக்கொண்டார். பெங்களூரிலிருந்து துணைக்கு ஆட்கள். விடுதி மலை விளிம்பில். கீழே பள்ளத்தில் வில்பட்டி. என் வீடு அங்கேதான்.

பாய் புதுச் சட்டை எடுத்தார். கடையை மதியமே சாத்தினார். பெருநாளுக்குக்கூட அவ்வளவு வெள்ளனே சாத்தியதில்லை.

அன்று பெங்களூரிலிருந்து வந்த சவுண்ட் லாரி வழியில் மாட்டிக்கொண்டது. ரோட்டில் மரம் விழுந்திருந்தது. விடுதிக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். கடைசியில் நம்ம ஊர் மைக்செட் அண்ணனைக் கூப்பிட்டார்கள். கோயில் கொடைவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாம் அவர்தான். குழாய் ஸ்பீக்கரோடு வந்தார். வெரசாக மரம் ஏறிக் கட்டினார். வழக்கப்படி முதலில் ஒரு முருகன் பாட்டைப் போட்டார். தூரத்தில் எங்கேயோ பாடுகிற மாதிரி இருந்தது. கிதார்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வில்பட்டியிலிருந்து இரண்டு பெண்கள் தூக்குவாளியோடு மேலே ஏறி வந்தார்கள். “எந்தக் கோயில்ல கொடை? சாப்பாடு எங்கன போடுறாக?” என்று கேட்டார்கள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கச்சேரி ஆரம்பித்தது. பாய்க்கும் எனக்கும் முன் வரிசையில் நாற்காலி. கிதார்காரர் பத்தடி தூரத்தில். விரல் ஓடுவது தெரிந்தது. டிரம்ஸ் கேட்டது. கிதார் கேட்கவில்லை. எங்கேயோ கொசு சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நான் திரும்பிப் பார்த்தேன். விடுதிக்கு வந்த பெரிய மனிதர்கள் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சரி, நமக்குத்தான் கேட்கவில்லை என்று நானும் ஆட்டினேன்.

பாய் முகம் வெளுத்துப்போயிருந்தது. என் காதருகே வந்தார்.

“ஏலே, ஒனக்குக் கேக்குதா?”

“கேக்குதுங்களே.”

“நல்லாவா?”

“சூப்பருங்க. ஏன், ஒங்களுக்கு?”

“எனக்கென்ன? எனக்கும் சூப்பர்தான்.”

சொல்லிவிட்டுச் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார். காது போய்விட்டது என்றே நினைத்துவிட்டார். சரியாக அந்த நாளில் போக வேண்டுமா என்று வானத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஆண்டவனிடம் பேரம் பேசினார் போல.

இப்படியே பாட்டு மேல் பாட்டாகப் போனது. கடைசிப் பாட்டு வந்தது. டிரம்ஸ் அடியை வைத்தே கண்டுபிடித்துவிட்டோம். அதே பாட்டு. பாய் என் கையைப் பிடித்தார். வலித்தது.

அப்போது என் போன் அதிர்ந்தது. வீட்டுக்காரி.

“என்னங்க, என்ன கூத்து நடக்குது அங்க? அலமாரியில தட்டெல்லாம் ஆடுது. மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. ஒரே கிதார் சத்தம். நீங்க அங்கன எப்படித்தான் உக்காந்திருக்கீகளோ, காது கிழியல?”

எனக்கு விளங்கிவிட்டது. போனை அணைக்காமலே எழுந்து ஓடினேன். மைக்செட் அண்ணன் மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். குழாய் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து இருந்தது.

“அண்ணே, குழாயை ஊரப் பாத்துக் கட்டிருக்கீங்க!”

“பின்ன?”

“முன்னாடி இருக்கவங்களுக்கு ஒண்ணும் கேக்கலண்ணே.”

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“முன்னாடி இருக்கவனுக்கு எதுக்குப்பா குழாய்? அவன்தான் வந்துட்டானே. வராதவனுக்குத்தானே கட்டுறது.”

எந்தக் கொடைக்கும் அவர் அப்படித்தான் கட்டுவார். நாலு ஊருக்குக் கேட்க வேண்டும், கேட்டு ஆள் வர வேண்டும். அவர் பீடியை அணைத்துவிட்டு மரம் ஏறத் தொடங்கினார். அவருக்கும் வயதாகிவிட்டது. மெதுவாகத்தான் ஏறினார்.

பின்னாலேயே வந்த பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். முதலில் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம். காது போகவில்லை. அடுத்த நொடி அது மறைந்தது. பாட்டு முடியப்போகிறது. மரத்தில் அண்ணன் பாதிதான் ஏறியிருந்தார். பாய் என் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

“தங்கச்சி, நான் பாய் பேசுறேன். போனை சன்னல்ல வை. பேசாத. சும்மா வை.”

போனைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். அந்தப் பக்கம் புல்தரை மேடையில் கிதார்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டு பள்ளத்துக்கு இறங்கி, என் வீட்டுச் சன்னலில் நுழைந்து, போன் வழியாக மறுபடி மலை ஏறி வந்தது. பாய் முகம் மாறியது. வாய் திறந்தது. தோள் குலுங்கியது. அப்புறம் மேடையில் விளக்கை அணைத்தார்கள். பாட்டு முடிந்துவிட்டது.

“கேட்டீங்களா?” என்றேன்.

“கேட்டேன்.”

“எப்படி முடியுது?”

“ஏறி ஏறிப் போகுதுல்ல, அதுக்கு மேல எங்கிட்டுப் போவான்னு நெனச்சேன். போயிட்டான்லே. மூணு தடவ கிதாரைக் கூவ வச்சான். வீல், வீல், வீல்னு. உசிரே போயிருச்சு. எவனும் அப்படி முடிக்க முடியாது.”

அன்று இரவு வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கும்போது அவளுக்கு மூக்கு சிவக்கும். சிவந்தது.

“போன வச்ச சன்னலுக்குக் கீழதான் அடுப்பு இருக்கு. மொச்சை வச்சிருந்தேன். மூணு விசில்.”

நாங்கள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? பாய் பத்து வயது குறைந்தவர் மாதிரி நடந்தார். ஸ்வெட்டர் வாங்க வருகிற டூரிஸ்ட்டை நிறுத்தி வைத்து அந்த முடிவைப் பற்றிச் சொன்னார். வாயாலேயே வீல் என்று கத்திக் காட்டினார். ஒரு குழந்தை அழுதது. வீட்டுக்காரியை எங்கே பார்த்தாலும், “தங்கச்சி, அன்னிக்கு நீ இல்லாட்டி அம்புட்டுத்தான்” என்பார். அவளும் முகத்தை மாற்றாமல், “அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணே” என்பாள். மூக்கு மட்டும் சிவக்கும்.

நான் திருட்டுத்தனமாகப் போனில் அசல் பாட்டைக் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் பாய் வில்பட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். இருந்து சாப்பிட்டுப் போங்கள் என்றோம். உட்கார்ந்தார். நாற்காலி அட்டையைப் பற்றித்தான் பேச்சு. சோறு போட்டாயிற்று. அடுப்பில் மொச்சை மட்டும் பாக்கி.

குக்கர் கூவியது.

பாயின் கை சோற்று உருண்டையோடு பாதியில் நின்றது. நான் தட்டைப் பார்த்தேன். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

மறுபடி கூவியது. பாய் சன்னலைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

மூன்றாவது கூவியது. அதோடு நின்றது.

பாய் உருண்டையை வாயில் போட்டு மென்றார். விழுங்கினார்.

“தங்கச்சி.”

“சொல்லுங்கண்ணே.”

“அன்னிக்கும் மொச்சைதானா?”

“ஆமாண்ணே.”

“வெந்துச்சா?”

“நல்லா வெந்துச்சுண்ணே.”

பாய் கை கழுவினார். வாய் துடைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, நீ போன்ல கேட்டுட்டீல்ல? ஒன் மூஞ்சியே சொல்லுது. எடு. போடு.”

“வேண்டாம் பாய்.”

“போடுங்கிறேன்ல.”

போட்டேன். கிதார் ஏறியது. பூம்பாறை தாண்டுகிற இடம் வந்தது. ‘டக்’ வரவில்லை. தாண்டிப் போனது. பாய் முன்னால் குனிந்தார். கிதார் இன்னும் கொஞ்சம் ஏறியது. அப்புறம் சத்தம் மெல்லக் குறைந்தது. இன்னும் குறைந்தது. தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனது.

பாய் போனைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“முடிக்கவே இல்லையே. சவுண்டக் கொறச்சிட்டான்.”

“ஆமாங்க.”

“முடிக்கத் தெரியலலே இவனுக்கு.”

போனை என்னிடம் கொடுத்தார். மறுபடி தட்டை முன்னால் இழுத்தார்.

“தங்கச்சி, மொச்சையக் கொண்டா. இவனுக்கு ஒன் குக்கரு எவ்வளவோ தேவல.”