எட்டுத் தட்டுகளும் ஒரு சோதனைக் குச்சியும்

என் அம்மா இருபத்தாறு வருடம் ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டாள். ஹோட்டல்களுக்கும் விருந்து மண்டபங்களுக்கும் போகிற மேசை விரிப்புகள், கைத்துண்டுகள். இடது மணிக்கட்டில் கட்டைவிரல் அகலத்துக்குச் சூட்டுத் தழும்பு. அவள் தேய்த்த விரிப்புகளின் மேல் ஊரே சாப்பிட்டிருக்கும். அவற்றில் ஒன்றின் முன்னால்கூட அவள் உட்கார்ந்ததில்லை.

நான் கல்லூரி விடுதிக்குப் போன வருடம் அவள் வீட்டில் மேசை போட ஆரம்பித்தாள். வருடக் கடைசியில் சலவைக்கூடத்துக்கு நான்கு நாள் விடுமுறை. எனக்கும் அப்போதுதான். நான் வந்து சேரும் நாள்தான் மேசை நாள்.

முதலில் ரோஜா நிறத் துணி. அதன் மேல் லேஸ் விரிப்பு. விரிப்பை மேசையில் போட்ட பிறகு, ஈரம் தெளித்து, அங்கேயே தேய்ப்பாள். "மடிப்புக்கோடு தெரிஞ்சா அது ஹோட்டல் மேசை, தெரியலன்னா வீட்டு மேசை" என்பாள். கைத்துண்டுகளை மொட்டுகளாகச் சுருட்டி ரிப்பன் கட்டுவாள். காது உடைந்த தேநீர்க் கோப்பைகளில் சின்னச் சின்னப் பூங்கொத்துகள். நடுவில் இரண்டு மெழுகுவத்திகள்.

பிறகு தட்டுகள். எட்டுப் பழைய பீங்கான் தட்டுகள், பழைய சாமான் கடையில் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தவை. எட்டிலும் ரோஜா, ஆனால் எந்த இரண்டும் ஒரே செட் இல்லை. "எட்டுத் திசையிலேர்ந்து வந்த மருமகளுங்க. இதுவரைக்கும் சண்டை வந்ததில்ல" என்று சிரிப்பாள்.

ஒவ்வொரு பீங்கான் தட்டின் மேலும் ஒரு கண்ணாடித் தட்டு வைப்பாள். அதில்தான் சாப்பாடு.

"ஒரு தட்டு மேல இன்னொரு தட்டு எதுக்கும்மா? கழுவறது ரெண்டு மடங்கு."

"பூ நனையக் கூடாதுடி."

நான் கவனித்துக் கேட்டிருக்க வேண்டிய பதில் அது. கேட்கவில்லை. எனக்கு அந்த மேசையே கூச்சமாக இருந்தது. லேஸும் ரிப்பனும் இளஞ்சிவப்பும், யாரோ பதினாறு வயதுப் பெண் கனவு கண்ட மாதிரி. அம்மா பதினாறு வயதில் இஸ்திரிப் பெட்டி பிடித்தவள் என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து நான் யோசித்ததில்லை.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தண்ணீரில் உலோகங்கள் எவ்வளவு என்று அளப்பது என் பிரிவு. மூன்று வருடங்களுக்கு முன்பு, விடுமுறைச் சாப்பாட்டுக்கு எங்கள் பிரிவுத் தலைவரையும் அவர் மனைவியையும் அழைத்திருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். வழக்கம்போல பட்டன் பெரியம்மாவும் வந்திருந்தாள். அம்மாவோடு சலவைக்கூடத்தில் பட்டன் தைத்தவள். சொந்தமில்லை, ஆனால் பெரியம்மாதான்.

தலைவரின் மனைவி மேசையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "எங்கேம்மா கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்குக் காது சூடானது.

தலைவர் விளையாட்டாகச் சொன்னார். "பழைய பீங்கான்ல ஈயம் இருக்கும்னு சொல்வாங்களே. வீட்டுலேயே ஆள் இருக்கு, கேட்டுடலாமா?"

என் பையில் சோதனைக் குச்சிகள் இருந்தன. நுனியில் மருந்து தோய்த்த பஞ்சு. நனைத்துத் தேய்க்க வேண்டும், ஈயம் இருந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். என் எதிரே இருந்த தட்டின் ரோஜாவில் தேய்த்தேன். உடனே நிறம் வந்தது. பளிச்சென்று.

குச்சியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். "அம்மா, இது ஈயம். இத்தனை வருஷமா எங்கள விஷத்து முன்னாடி உக்கார வெச்சிருக்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். தலைவரும் சிரித்தார். பட்டன் பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, 'ஆ' என்று நிறுத்திக்கொண்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். தழும்பு இருந்த கையை மற்ற கையால் மூடிக்கொண்டாள்.

"அப்படியா? நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எட்டுத் தட்டுகளையும் அவளே எடுத்தாள். வெறும் கண்ணாடித் தட்டில் சாப்பிட்டோம். அடுத்த விடுமுறையில் மேசை இல்லை. அதற்கடுத்த விடுமுறையிலும் இல்லை. சமையலறையில் ஆளுக்கொரு கிண்ணம். நான் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளுக்குள் நிம்மதி என்றுகூடச் சொல்லலாம்.

இந்த வருடம், விடுமுறைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, அம்மா இறந்துபோனாள். இதயம். ஈயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டைக் காலி செய்யப் போனேன். அலமாரியில் ஏழு தட்டுகள் அடுக்காக இருந்தன. எட்டாவது தனியாக, செய்தித்தாளில் சுற்றி. முறையாகச் சோதித்து, 'சாப்பிட ஆகாது' என்று சீட்டு ஒட்டிப் பழைய சாமான் கடையிலேயே கொடுத்துவிட நினைத்தேன். மாதிரி சுத்தமாக இருந்தால்தான் சோதனை சரியாக வரும். ஏழையும் வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்தேன்.

திரும்பி வந்தபோது தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

ஒரு தட்டை வெளியே எடுத்தேன். ரோஜா இல்லை. ரோஜா இருந்த இடத்தில் தேய்ந்துபோன கோடுகள், அங்கங்கே வெளிறிய ஒரு இதழ். மற்ற ஆறும் அப்படியே. குச்சியால் ஏழையும் தேய்த்தேன். பஞ்சு நிறம் மாறவில்லை. எட்டாவதைப் பிரித்தேன். அன்று நான் குச்சியால் தேய்த்த தட்டு அது. அதன் வெறும் ஓரத்தில் தேய்த்தேன், ஒன்றுமில்லை. பிறகு மருந்தில்லாத சாதாரணப் பஞ்சை நனைத்து, இதழின் ஓரத்தை லேசாகத் தொட்டேன். இளஞ்சிவப்பு.

இந்தக் கடைசிச் சோதனையைத்தான் அன்று முதலில் செய்திருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த முதல் வாரம் சொல்லித் தருவது இது. வெறும் பஞ்சோடு ஒப்பிடாமல், ஒரேயொரு மாதிரியை வைத்து முடிவு எழுதினால் என் தலைவரே என் தாளைக் கிழித்துப் போடுவார்.

அலமாரியின் அடித்தட்டில் என் பள்ளிக்கூட வண்ணப்பெட்டி இருந்தது. சிவப்பும் வெள்ளையும் குழி விழும்வரை தீர்ந்திருந்தன.

பட்டன் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சொன்னேன்.

"பூ அவ, இலை நான்" என்றாள். "பூ தேஞ்ச தட்டத்தான் கடைக்காரன் மலிவா தள்ளுவான். ஒவ்வொரு வருஷமும் நீ வர்றதுக்கு மொத நாள் உக்காந்து வரைவோம். மூக்குக்கண்ணாடிய நான் கொஞ்ச நேரம், அவ கொஞ்ச நேரம்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பெரியம்மா?"

"வாயத் தொறந்தேன்டி. உங்கம்மா மேசைக்கடியில கால மிதிச்சா பாரு, ரெண்டு நாள் நொண்டினேன். மேலதிகாரி முன்னாடி பொண்ணு சொன்னது தப்புன்னு எந்தத் தாய் சொல்லுவா?"

"அப்புறமாவது, தனியா?"

"சொல்லத்தான் இருந்தா. லீவு முடிஞ்சு வேலைக்குப் போனதுமே நீ போன் பண்ணினியாமே. ஒரு குச்சிய வெச்சு நீ கண்டுபிடிச்சிட்டேன்னு சார் எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னாருன்னு. அதுக்கப்புறம் எங்கேர்ந்து சொல்றது?"

நான் போன் செய்தது எனக்கு நினைவிருந்தது. அம்மா "ரொம்ப சந்தோஷம்டா கண்ணு" என்று சொன்னதும்.

விடுமுறைக்கு அதே ஆட்களை என் வீட்டுக்கு அழைத்தேன். விரிப்பை மேசையிலேயே தேய்த்தேன். குறுக்கே ஒரு கோடு மட்டும் போகவே இல்லை. ஏழு தட்டிலும் ரோஜா வரைந்தேன்.

பட்டன் பெரியம்மா எட்டிப் பார்த்தாள். "ரோஜாவா? முட்டைக்கோஸ்னு நெனச்சேன்." இலைகளை அவள் வரைந்து கொடுத்தாள்.

எல்லோரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். அன்றைய சோதனை தப்பு, அது வண்ணம், அம்மாவுக்குத் தெரியும், எனக்காகப் பேசாமல் இருந்தாள். இந்த நாலையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தலைவர் குழம்பிப்போய் மனைவியைப் பார்த்தார். "வந்து சாப்பிட்டது ஞாபகமிருக்கும்மா. சூப் பிரமாதம். குச்சியா? அப்படி ஏதாவது நடந்துதா என்ன?"

இந்த மனிதர் முன்னால் என் தலை குனியக் கூடாது என்றுதான் அவள் தன் மேசையை விட்டுக்கொடுத்தாள். அவருக்கு அது நினைவில்லை.

அவர் மனைவி விரிப்பைத் தடவினார். "எனக்கு ஒண்ணு ஞாபகமிருக்கு. அன்னிக்குத் துணியில ஒரு மடிப்புக்கோடு கிடையாது. வீட்டுக்குப் போய் நானும் பண்ணிப் பார்த்தேன், வரவே இல்ல."

"எனக்கும் வரல" என்றேன்.

எட்டாவது தட்டை என் இடத்தில் வைத்திருந்தேன். அம்மா வரைந்த ரோஜாக்களில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். நடு இதழிலிருந்து ஓரம்வரை என் குச்சி இழுத்த தடம். அதை நான் சரிசெய்யவில்லை. கண்ணாடித் தட்டை அதன் மேல் வைத்துச் சாப்பிட்டேன். பூ நனையவில்லை.