சென்னைக்குப் போன பார்சல் திரும்பி வந்தால்

பஸ் கம்பெனியில் பார்சல் புக்கிங் பார்ப்பவள் சென்னையை நேரில் பார்க்கவே வேண்டாம். அந்த ஊர் தினமும் போனில் வந்து காதுக்குள் கத்திவிட்டுப் போகும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எங்கள் ஆபீஸ். என் மகளும் சென்னையில்தான் வேலை பார்க்கிறாள். பிள்ளையை அங்கிட்டு அனுப்பிவிட்டு இங்கிட்டு செல்போனையே முறைத்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருத்தரா? வாங்க, உட்காருங்க, நம்ம கதைதான்.

தண்ணி பார்சல்

பக்கத்துக் குளத்தூரிலிருந்து ஒருத்தர் இரண்டு கேன் கிணற்றுத் தண்ணீரோடு வந்து நின்றார். சென்னையில் இருக்கும் மகளுக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறதாம், அந்த ஊர் உப்புத் தண்ணீர்தான் காரணமாம். "தண்ணி ஏத்த மாட்டோங்க. ஒழுகிச்சுன்னா அடுத்தவங்க அரிசி மூட்டை வீணாப் போயிரும்" என்றேன். அவருக்கு முன்னால் நின்ற அம்மா மீன் குழம்பு டப்பா புக் பண்ணியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். விடுவாரா மனுசன்?

"குழம்பு போகலாம், தண்ணி போகக் கூடாதா? தலைக்கு ஊத்தத் தண்ணி இல்லாத ஊருக்குக் குழம்பு எதுக்கும்மா?"

ஞாயிற்றுக்கிழமை

நாங்கள் வீடு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. பெட்டி மேல் பெயரும் செல் நம்பரும் இருந்தால் போதும். சென்னையில் எங்கள் கவுண்டருக்கு அவர்களே வந்து, செல்லுக்கு வந்த மெசேஜைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அறந்தாங்கிப் பெண் ஒருத்தி சென்னையில் வேலை பார்க்கிறாள்; அப்பா துபாயில், ஆத்தா ஊரில். அந்த ஆத்தா அனுப்பிய முறுக்கை அவள் வாங்கவே வரவில்லை. "ஏம்மா, ஒரு எட்டு போயி வாங்கிக்கக் கூடாதா?" என்று போனில் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"ரெண்டு பஸ் மாறி வரணும்க்கா. இருக்கிறது ஒரு ஞாயித்துக்கிழமை, அது எனக்கு அழுவுறதுக்கே சரியாப் போயிருது."

பொடி நல்லாருந்துச்சாம்

ஸ்டெல்லா டீச்சர் ஆவூர்ப் பக்கம். சின்ன வயதில் எனக்குப் பாடம் எடுத்தவர், இப்போது ரிட்டையராகி வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகன் ஜெரோம், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை தவறாமல் அவனுக்கு ஒரு பெட்டி வரும், இட்லிப்பொடியும் அதிரசமுமாக.

யாரும் வாங்காத பார்சல் சில நாளில் எங்கள் பஸ்ஸிலேயே திரும்பிவிடும். ஒரு சனிக்கிழமை காலையில், டீச்சர் போன வாரம் அனுப்பிய பெட்டி திரும்பி வந்து என் மேசையில் உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அவரே புதுப் பெட்டியோடு வந்துவிட்டார். "பானு, ஜெரோம் நேத்துப் பேசுனான். போன வாரப் பொடி ரொம்ப நல்லாருந்துச்சாம்" என்று சிரித்துக்கொண்டே வந்தவர் மேசையைப் பார்த்தார். அவர் கட்டிய கயிறு அவிழாமல் அப்படியே இருந்தது. ஐயோ, ஒரு துண்டையாவது எடுத்து மூடி வைக்காமல் போனேனே!

"பொடி நல்லாருந்துச்சுன்னது பொய்யி. அப்ப, நான் நல்லாருக்கேம்மான்னானே, அது?"

கதவு நம்பர்

மகன் வீடு எங்கே என்று கேட்டேன். டீச்சருக்குத் தெரியவில்லை. போன வருசம் ரூம் மாறியிருக்கிறான், பார்சலுக்குத்தான் விலாசமே வேண்டாமே! எது வசதி என்று இத்தனை நாளும் நினைத்தோமோ, அதுதான் அன்றைக்கு எங்களைத் திணற வைத்தது. டீச்சர் அடித்த போனை அவன் எடுக்கவில்லை. நான் ஆபீஸ் போனில் அடித்து, ஸ்பீக்கரில் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான். எனக்கு வந்ததே கோபம்! "ஏந்தம்பி, வாங்காத பொடியை எப்படிய்யா தின்ன?" என்று கத்திவிட்டேன்.

"வேலையெல்லாம் ரூம்லருந்தே ஒழுங்காத்தான் பாக்குறேன்க்கா. இப்பக் கொஞ்ச நாளா வெளியதான் போக முடியல. கதவைத் தொறந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, செத்துருவேன்னு தோணுது. லிஃப்ட் வரைக்கும் போயிட்டுத் திரும்பிர்றேன். அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க" என்றான். டீச்சர் அழவில்லை, குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார்.

"அவ சொல்ல வேணாம்ப்பா, நான் கேட்டுட்டேன். கதவு நம்பரைச் சொல்லு, அம்மா வாரேன்."

அதே பெட்டி

அன்றைக்கே கிளம்பிப் போனார். மனநல டாக்டரிடம் மகனைக் கூட்டிப்போனதாகப் பிறகு போனில் சொன்னார். மருந்து கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்ப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் லிஃப்ட், அப்புறம் கேட், அப்புறம் எதிர்த்த டீக்கடை. "அந்தத் திரும்பி வந்த பெட்டியை மறுபடி அனுப்பு பானு, அவனே போயி வாங்கட்டும்" என்றார் டீச்சர்.

அனுப்பிவிட்டு நான் பட்ட பாடு! முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாளும் இல்லை. இதுவும் திரும்பி வந்துவிட்டால் அந்த மனுசி என்ன ஆவார்? போன் அடித்தாலே தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம், சென்னைக் கவுண்டரில் இருக்கும் கணேசன் கூப்பிட்டான். எப்போதும் கத்திப் பேசுகிறவன், அன்றைக்குக் குரலை இறக்கிப் பேசினான்.

"பானுக்கா, ஒங்க ஜெரோம் வந்துட்டாரு. சட்டையெல்லாம் வேர்த்து ஊத்துது, அவங்கம்மா கையை விடவே இல்ல. ஆனா பெட்டியை அவருதான் வாங்குனாரு."

அன்றிலிருந்து புக் பண்ண வரும் எல்லா அம்மாக்களிடமும் கம்பெனி கேட்காத கதவு நம்பரையும் சேர்த்துக் கேட்டு வைக்கிறேன். என் மகள் மட்டும் "அதெல்லாம் எதுக்கும்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி, இன்னும் நம்பரைச் சொன்னபாடில்லை.