மாமாவின் பிரேக்குக்கு நான் போட்ட கட்டு

என் தம்பி மகன் புது பைக்கோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். முன்சக்கரத்து பிரேக் டிஸ்க்கைப் பிடித்து ஆட்டினேன், கடகடவென்றது. பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் அது அசையவே அசையாது. “ஒன்ன ஏமாத்திட்டாங்கடா” என்றேன்.

“இல்ல அத்தை. அவரோடது ஒரே தகடு, முடுக்கி வச்சது. சத்தம் வராது, ஊருக்குள்ள ஓட்ட அது போதும். ஆனா அழுத்தி அழுத்திப் பிரேக் போட்டா சூட்டுல விரியும், எடமில்லாம கோணிக்கும். இது ரெண்டு துண்டு. நடுவுல பொத்தான் மாதிரி வச்சி ஆட்டம் உட்டிருக்காங்க. எவ்ளோ சுட்டாலும் நேரா நிக்கும்.”

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான் நான். ஆனாலும் சட்டென்று புரிந்துவிட்டது. பிரேக்கின் ஆட்டத்தை நிறுத்தப் போனால் என்ன ஆகும் என்று ஏழு வயதிலேயே பார்த்தவள்.

அப்போது மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, சுரங்கத்தில் வேலை கிடைத்திருந்தது, சைக்கிளும் வாங்கியிருந்தார். கம்பி பிரேக், குலுங்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடிக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார். பெரியவர்கள் பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் மாமாவோடு சைக்கிளில். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண்ணைப் பார்த்தாக வேண்டும். ஏற்கெனவே ஓர் இடம் தட்டிப்போயிருந்தது.

இந்தச் சத்தத்தோடு போய் நின்றால் மானம் என்னாவது? மாமா தலை வாரும் நேரத்தில் பிரேக் கம்பிகளைச் சணலால் இழுத்து இறுக்கிக் கட்டினேன். சத்தம் நின்றது. வண்டியும் ஏறக்குறைய நின்றது.

“என்னா புள்ள, கல்லத் துன்னுட்டு ஏறுனியா?” என்று வழியெல்லாம் மிதித்தார். போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, ராகுகாலமும் பிறந்துவிட்டது. ஆறு மணி வரை பெண்ணை வெளியே அழைக்கக் கூடாதென்று பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். மாமா வாசலில் குந்தி, சக்கரம் ஏன் சுற்றவில்லை என்று பார்த்தார்.

வாசலோரத் தறிக்கொட்டகையிலிருந்து ஒரு அக்கா கத்தரிக்கோலோடு வந்தார். முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ கட்டுனியா? மாடு கூட அவுத்துக்காது போ” என்று சிரித்துக்கொண்டே நறுக்கினார். பிறகு இருவரும் ஏதேதோ பேசினார்கள். ஆறு மணிக்குப் பட்டுச் சேலையில் காப்பித் தட்டோடு வந்தவரும் அதே அக்காதான்.

அடி விழுமென்று ராத்திரி முழுக்கப் பயந்தேன். விழவில்லை. அடுத்த ஞாயிறு மாமா புதுச் சணல் வாங்கி வந்தார். “குறிஞ்சிப்பாடி வரைக்கும் போறேன், அதே மாதிரி கட்டிவுடு” என்றார். நம் கட்டின் அருமை இப்போதாவது தெரிந்ததே என்று, இன்னும் ரெண்டு முடிச்சு சேர்த்தே போட்டேன்.