திரும்பச் சுருட்டிய கார்ப்பெட்

யாழ்ப்பாணத்தில் வர்த்தகக் கண்காட்சி முடிந்ததும், தங்கள் கூடாரத்தில் விரித்த கார்ப்பெட்டை நான் படிப்பிக்கும் முன்பள்ளிக்குத் தருவதாக ஒரு நிறுவனத்தார் சொன்னார்கள். வெறும் சீமெந்துத் தரையில் இருந்து படிக்கும் பிள்ளைகளை, கடைசி நாளன்று சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் அங்கே கூட்டிப்போனேன். விருந்தினருக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, பிள்ளைகளைக் கார்ப்பெட்டில் இருத்திப் படம் எடுத்தார்கள். எடுத்த கையோடு மேலாளர் கார்ப்பெட்டைச் சுருட்டச் சொன்னார்.

“உது அடுத்த கண்காட்சிக்கு வேணும், ரீச்சர். நீங்கள் நிலத்திலை விரிக்க இந்த விளம்பரப் பனர்களைக் கொண்டு போங்கோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப பிள்ளையளின்ரை படத்தையும் என்ரை கண்ணுக்கு முன்னாலை அழியுங்கோ!”

முகம் கறுக்க அழித்தார். ஆனாலும் என் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. யாராவது ஏதாவது தந்தால் நன்றி சொல்லவேண்டும் என்று பழக்கியவள் நான். படம் எடுக்கும்போதே பிள்ளைகள் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டார்கள். அதை எப்படித் திருப்பி வாங்குவது?