கமாண்டர் சாபும் முதல் பெயரும்

எங்கள் தீவின் விமானப்படைத் தளத்தில் சிவிலியன் தொழிலாளியாக இருப்பது என்றால், ஆகாயத்தில் பறப்பவர்கள் தரைக்கு வந்து போடும் உத்தரவுகளைச் சுமப்பது. சுமந்தவர்களுக்குத் தெரியும், தோழர்களே. கமாண்டர் நேகி எங்களுக்கு இழைத்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, எங்கள் டீக்கடையை கேட்டுக்கு வெளியே தள்ளினார். இரண்டாவது, சைக்கிளில் வருபவர்களுக்குப் பின்வாசல் என்றார். மூன்றாவது, இதைக் கண்டித்து எங்கள் சங்கம் போட்ட கூட்டத்தில் மைக் படுத்துவிட, தன் ரேடியோ மெக்கானிக்கை அனுப்பிச் சரிசெய்து கொடுத்தார். முதல் இரண்டையும் மன்னித்துவிட்டேன்.

மைக்கில் கேட்டது

சரியான மைக்கில் அவரை ஏகாதிபத்தியத்தின் கடைசி வாரிசு என்று வெளுத்து வாங்கினேன். மறுநாள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். போர் விமானம் ஓட்ட ஆசைப்பட்டுப் படையில் சேர்ந்தவராம். கொடுத்தது சரக்கு விமானம். "ஏகாதிபத்தியமா? அந்தோணி, பாதி சர்வீஸ் நான் தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேவுக்கு வெங்காயம் ஏற்றிப் போனவன்."

ரேங்க்

ரிட்டயரானதும் தீவை விட்டு மெயின்லேண்ட் போவார் என்று நிம்மதியாக இருந்தேன். புரோத்ராபூரில், என் சந்திலேயே வீடு கட்டினார். எங்கள் சந்துக்குக் குழாய் கிடையாது, லாரித் தண்ணீர்தான். முதல் நாளே வாளியோடு வந்து வரிசையை அணிவகுப்பு மாதிரி ஒழுங்குபடுத்தப் பார்த்தார். வரிசையின் நிரந்தர முதலாளியான ரோஸி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாப், இங்க ரேங்க் எல்லாம் கிடையாது, குடம்தான். வாளிய வச்சுட்டுத் தள்ளி நில்லுங்க."

ஆப்பரேஷன் பானி

குழாய் கேட்டு நான் மறியல் அறிவித்ததும் தானும் வருவதாக வந்து நின்றார். முறையை விளக்கினேன்: குடிநீர் ஆபீஸ் முன்னால் சாலையில் உட்கார வேண்டும், போலீஸ் வேனில் ஏற்றும், இரண்டு சாட்சிகள் முன்னால் இன்ஸ்பெக்டர் பெயர்களை உரக்க வாசிப்பார், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். எத்தனையோ மறியலில் முதலில் வாசிக்கப்பட்டது என் பெயர்தான். எனக்கு மெடல் என்று இருப்பது அது ஒன்றுதான். அதையும் சொல்லி வைத்தேன். அவர் அதற்கு ஆப்பரேஷன் பானி, அதாவது தண்ணீர், என்று பெயர் வைத்து, வரைபடம் விரித்து, காற்று எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "லீடர் நீங்கள்தான். நான் உங்கள் இறக்கைக்குப் பக்கத்தில் பறப்பவன்."

வேன்

மறியலன்று இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்து, வீட்டுக்குப் போகும்படி கெஞ்சினார். சாப் தானே வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். இதே குழாய்க்காக நான் மூன்று முறை கைதானபோது ஆபீஸ் மாடியிலிருந்து இறங்காத குடிநீர் இன்ஜினியர், அந்த ஜன்னலைப் பார்த்ததும் ஓடி வந்து, அடுத்த வாரமே குழாய் பதிப்பதாக எழுதிக் கொடுத்தார். ஆனாலும் கைது கைதுதான்; இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு பெயர்களை வாசித்தார். முதல் பெயர், பிரதாப் நேகி. என் மெடல் கைமாறிவிட்டது. வேனுக்குள்ளிருந்து பழைய கமாண்டர் குரல் வந்தது: "வரிசை தப்பு. லீடரிலிருந்து ஆரம்பி."

இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது, ஆனால் மைக்கைப் போலவே இதையும் அவரே சரிசெய்து கொடுத்தார் என்பதுதான் நான்காவது அநீதி. அன்று வேன் வாசலில், டீக்கடைக்காரரும் ரோஸியும் சாட்சியாக நிற்க, இன்ஸ்பெக்டர் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்: "சூசை மகன் அந்தோணி, புரோத்ராபூர்."